பொட்டாஷ், பொட்டாசியம், சாம்பல்சத்து

வழக்கமாக இங்கே புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது ஐந்து காகிதங்கள். ஒரு உர மூட்டையிலிருந்து கத்தரித்து எடுத்த முகப்பு. வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலைப் பரிந்துரை, ஜெராக்ஸ். என்னுடைய பழைய மேல்நிலை வேதியியல் புத்தகத்தில் நான்கு பக்கம். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் கையில் கொடுத்த உணவுப் பட்டியல். கடைசியாக, ஒரு உப்பு டப்பாவின் லேபிள்.

ஐந்தும் பேசுவது ஒரே தனிமத்தைப் பற்றி. ஆனால் ஐந்தையும் வரிசையாக வைத்துப் படிக்கும் ஒருவருக்கு அது ஒரே பொருள் என்று எங்குமே தெரியாது. இதுதான் என் குற்றச்சாட்டு. இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமாக இல்லை.

2023இல் நடந்தது. அப்பாவுக்கு சிறுநீரகம் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்று தெரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரத்த அழுத்தமும் உண்டு. "உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயிலம் பக்கம் எங்கள் ஊரில் மூன்று காணி மல்லாட்டைக் கொல்லை வைத்து அறுபது வருடம் கூழும் ஊறுகாயுமாக வாழ்ந்தவரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னால் என்ன நடக்கும்? சாப்பாடே இறங்கவில்லை. சென்னையிலிருந்து போகும்போது நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சோடியம் குறைந்த உப்பு. டப்பா கொஞ்சம் விலை அதிகம், ஆனால் ருசி கிட்டத்தட்ட அதே. அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். "இது நல்லாருக்கே, இனிமே இதையே வாங்கிட்டு வந்துடு" என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கால் தூக்க முடியவில்லை என்றார். நாடி விட்டுவிட்டு அடித்தது. விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தத்தில் பொட்டாசியம் 6.9. இருக்க வேண்டியது 3.5லிருந்து 5 வரை. ஈசிஜி பார்த்த இளம் டாக்டர் யாரையும் எதுவும் கேட்காமல் முதலில் ஊசியைப் போட்டார். பிறகுதான் பேசினார். "வாழைப்பழம், இளநீர் ஏதாவது குடுத்தீங்களா?" இல்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்து அம்மா அப்படியே கடைப்பிடித்திருந்தார். கீரைகூட நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான். கடைசியில் உப்பு என்ன உப்பு என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டப்பாவின் பின்பக்கம், எறும்பு சைஸ் ஆங்கில எழுத்தில், பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது. நான் பி.இ. படித்தவன். மேல்நிலையில் வேதியியலில் நல்ல மார்க். அந்த வரியை நான் வாசித்திருந்தேன்கூட. எனக்கு அது உறைக்கவில்லை.

ஏன் உறைக்கவில்லை என்று யோசித்துத்தான் இந்த ஐந்து காகிதத்தையும் எடுத்து வைத்தேன்.

முதலில் வேதியியல் புத்தகம். அதில் பொட்டாசியம் ஒரு உலோகம். கத்தியால் வெட்டலாம், 63.5 டிகிரியிலேயே உருகிவிடும், தண்ணீரைவிட லேசு, தண்ணீரில் போட்டால் மிதந்து ஓடி ஊதா நிறத்தில் எரியும், அதனால் மண்ணெண்ணெயில் வைக்க வேண்டும். எல்லாம் சரி. பையன்களுக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஆனால் இந்தப் பொட்டாசியத்தை உலகத்தில் யாரும் எங்கும் சந்திப்பதில்லை. 1807இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பிரித்தெடுக்கும்வரை மனிதர் கண்ணில் படாத பொருள் அது. இன்றும் ஆய்வகத்தை விட்டால் கிடையாது. மண்ணில், செடியில், ரத்தத்தில் இருப்பதெல்லாம் ஒரு எலக்ட்ரானை இழந்த அயனி. நிறம் கிடையாது, எரியாது, அமைதியான ஆள். புத்தகம் நான்கு பக்கத்தில் பெரும்பகுதியை அந்த வெடிக்கிற ஆளுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'பயன்கள்' என்ற தலைப்பில் அமைதியான ஆளை ஒரு வரியில் முடிக்கிறது: உரம். எந்த உரம், எந்த மூட்டை, நம்ம ஊர்க் கடையில் அதற்கு என்ன பெயர்? சொல்லவில்லை. என் மண்டையில் பொட்டாசியம் என்றால் மண்ணெண்ணெய் பாட்டிலுக்குள் இருப்பது என்றே பதிந்துபோனது. உப்பு டப்பாவில் அந்தப் பெயரைப் பார்த்தபோது 'ஏதோ கெமிக்கல் பெயர்' என்று கண் தாண்டிப் போனது.

உர மூட்டைக்கு வருவோம். கடையில் அதன் பெயர் பொட்டாஷ். செங்கல் தூள் மாதிரி இளஞ்சிவப்பு. சின்ன வயதில் அப்பாவோடு திண்டிவனம் போய் டிவிஎஸ் 50யில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தச் சிவப்பு பொட்டாசியத்தின் நிறம் இல்லை, சுரங்கத்திலிருந்து கூடவே வரும் இரும்பு ஆக்சைடு. வெள்ளையாகவும் கிடைக்கும். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 95 சதம் பொட்டாசியம் குளோரைடு. அதாவது, நான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த டப்பாவில் கலந்திருந்த அதே பொருள். சுத்திகரித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூட்டையில் 60 சதம் என்று போட்டிருக்கும். எதனுடைய 60 சதம்? பொட்டாசியத்தின் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. அது கே2ஓ, பொட்டாசியம் ஆக்சைடு. மூட்டைக்குள் ஒரு துளிகூட பொட்டாசியம் ஆக்சைடு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாம்பலை எரித்து எடைபோட்டுப் பகுப்பாய்வு செய்தவர்கள் ஆக்சைடாகக் கணக்கு எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையான பொட்டாசியம் வேண்டுமென்றால் 0.83ஆல் பெருக்க வேண்டும்: 49.8 சதம். பழைய கோடில் யாரோ எழுதிவிட்டுப் போன யூனிட்டை யாரும் தொடப் பயப்படுவது எங்கள் தொழிலில் சகஜம். உரத் தொழிலிலும் அப்படித்தான் போலிருக்கிறது. பரிந்துரையும் அதே கே2ஓ கணக்கில்தான் இருப்பதால் கொல்லையில் தப்பு நடக்காது. ஆனால் சாப்பாட்டுப் பட்டியல் நேரடிப் பொட்டாசியத்தில் மில்லிகிராம் பேசும். உர மூட்டையின் மொழியும் ஆஸ்பத்திரியின் மொழியும் எண்ணில்கூட ஒத்துப்போவதில்லை.

இனி நான் பாராட்ட வேண்டிய காகிதம்: வேளாண் பரிந்துரை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று சொற்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று எழுதாமல், செடியில் எங்கே தெரியுமோ அதை வைத்துப் பெயர். தழையில் தெரிவது ஒன்று, மணியில் தெரிவது ஒன்று. மூன்றாவதுக்கு அப்படிக் காட்ட ஒரு உறுப்பு கிடையாது. பொட்டாசியம் செடியில் எதனோடும் கட்டிக்கொள்வதில்லை. சாற்றில் கரைந்து ஓடிக்கொண்டே இருக்கும். இலைத்துளையைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. எரித்தால்தான் கண்ணுக்கு மிஞ்சும், சாம்பலில்.

தமிழ்க் கலைச்சொற்களில் இதைப்போல வரலாற்றோடு ஒத்துப்போகிற சொல் குறைவு. மரச்சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைப் பானையில் காய்ச்சி வற்றவைத்தால் கிடைப்பது பொட்டாஷ். ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லுக்கே 'பானைச் சாம்பல்' என்றுதான் அர்த்தம். டேவி அதிலிருந்துதான் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் முதல் காப்புரிமை, 1790இல், பொட்டாஷ் காய்ச்சும் முறைக்குத்தான் கொடுக்கப்பட்டது. நம்மிடமும் யவட்சாரம் இருக்கிறது, வாற்கோதுமைச் செடியை எரித்து எடுக்கும் உப்பு. ஆக, சாம்பல்சத்து என்பது பாமரச் சொல், பொட்டாசியம் அறிவியல் சொல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை.

ஒரு கிளைக்கதை. கே என்ற குறியீடு கேலியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதன் வேர் அரபியில் செடிச் சாம்பலைக் குறிக்கும் 'அல் கலீ'. ஆனால் அரபியர் எரித்தது உப்புமண்ணில் வளரும் செடி. நம்ம மரக்காணம் உப்பளப் பக்கம் பார்க்கும் உமரி மாதிரியான ஜாதி. அந்தச் சாம்பலில் அதிகம் இருப்பது சோடியம். உள்நாட்டு மரத்தை எரித்தால்தான் பொட்டாசியம். பொட்டாசியத்தின் குறியீடே சோடியச் சாம்பலிலிருந்து வந்தது! சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குழப்பிக்கொண்ட முதல் ஆள் நான் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

சாம்பல்சத்து என்ற சொல்லில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 'சத்து' என்ற பின்னொட்டு. சத்து என்றாலே நல்லது, கூடினால் இன்னும் நல்லது. சத்து கூடி ஒருவருக்கு இதயம் நிற்கும் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், வாக்கியமே உட்காராது. கொல்லையிலும் இதே பிரச்சனை. நிலக்கடலைக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை மானாவாரியில் எக்டேருக்கு 10:10:45. தழைச்சத்தைப்போல நாலரை மடங்கு சாம்பல்சத்து. மூட்டைக் கணக்கில் 75 கிலோ பொட்டாஷ், ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ. இதைப் பார்த்துவிட்டு 'மல்லாட்டைக்குப் பொட்டாஷ்தான் உயிர்' என்று கூடுதலாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. காய் இறங்கும் மண்ணில் பொட்டாசியம் அதிகமாகிவிட்டால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து ஏறாது. ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது, பொக்கு. அதற்காகத்தான் அதே பரிந்துரை 40–45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது. டிஎம்வி என்று தொடங்கும் கடலை ரகங்களெல்லாம் எங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. அப்பா வருடக்கணக்கில் டிஎம்வி 7 போட்டவர். ஜிப்சம் ஏன் என்று கேட்டால் அவர் 'பொட்டாஷு அதிகமானா பொக்கு அடிக்கும், ஜிப்சம் போட்டா கெட்டிப்படும்' என்பார். நான் மேற்கொண்டு நாலு வரி எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் மருத்துவமனை கொடுத்த காகிதத்தைப் பார்ப்போம். தலைப்பு: பொட்டாசியம் குறைந்த உணவு. தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல். இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டு, கீரை, உருளைக்கிழங்கு, தக்காளி. கீழே ஒரு வரி: உப்பைக் குறைக்கவும். அவ்வளவுதான். உப்புக்கு மாற்றாக விற்கும் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பொட்டாசியம் என்றால் என்ன என்று சொல்ல ஒரு வரி கிடையாது. "பொட்டாஷ் என்று கொல்லையில் போடுவீர்களே, அதே பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தால், அப்பா அந்தக் காகிதத்தை எழுதியவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்.

'உப்பு' என்ற சொல் இன்னொரு குழி. நம் பக்கம் சிறுநீரகம் கெட்டால் 'ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு' என்பார்கள். சொல்வது கிரியாட்டினினையும் யூரியாவையும். இரண்டும் உப்பே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்த வீட்டில், சாப்பாட்டு உப்பைக் குறைத்தாலோ மாற்றினாலோ ரத்தத்து 'உப்பும்' இறங்கிவிடும் என்ற கணக்கு தானாக வந்துவிடும். எனக்கே வந்தது. அது போதாதென்று, வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது என்று வாட்ஸப்பில் ஒரு மாமா வாரம் ஒரு தடவை அனுப்புகிறார். கல்லடைப்புக்குச் சொல்லும் கைவைத்தியத்தைச் சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் அனுப்புவதன் விபரீதம் அவருக்குத் தெரியாது. பாவம், நல்ல மனிதர்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம், நம் வீடுகளில் இது அதிகமில்லை. அதில் 30 சதம் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் 2.4 கிராம். அதில் 52 சதம் பொட்டாசியம், அதாவது சுமார் 1,250 மில்லிகிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 420 மில்லிகிராம். அப்பாவுக்கு ஒரு பழம்கூடக் கொடுக்காமல் கையைக் கட்டிவிட்டு, தினமும் மூன்று பழத்தை நான் டப்பா வழியாக ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கூடவே, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை வெளியே விடாமல் உடம்பில் தேக்கும். நல்ல சிறுநீரகம் இருந்தால் இந்த மூன்று பழம் ஒரு பிரச்சனையே இல்லை. உடம்பில் இருக்கும் பொட்டாசியம் கிட்டத்தட்ட 140 கிராம், அதில் ரத்தத்தில் மிதப்பது மிகச் சிறு பங்கு. மீதி எல்லாம் செல்லுக்குள். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்கு ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் கிடைத்தது. இதயம் துடிப்பது இந்த உள்–வெளி வித்தியாசத்தை நம்பித்தான். வெளியே கொஞ்சம் கூடினாலே அது தடுமாறும்.

மாற்று உப்பே கெட்டது என்று யாரும் இதைப் படித்துவிட்டு எழுத வேண்டாம். சீனாவில் 600 கிராமங்களில், 20,995 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதம் குறைந்திருந்தது. பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று அதே பரிந்துரையில் எழுதியிருக்கிறது. என் கேள்வி, அந்த 'ஆனால்' தமிழில் எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான். என் டப்பாவில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. டப்பாவின் முன்பக்கம் ஒரு இதயப் படம்.

மூன்றாம் நாள் அப்பா தெளிந்துவிட்டார். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வார்டில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று விளக்கினேன். பொட்டாசியம் அதிகமாகிவிட்டது, அந்த உப்பில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "நம்ம பொட்டாஷ்பா அது, கொல்லைக்குப் போடுறோம்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தச் செவப்பு மூட்டையா?"

"அதான். இது வெள்ளை."

"அப்போ முதல்ல போட்டாங்களே ஒரு ஊசி, அது இன்னா?"

கால்சியம் என்றேன். கால்சியம் குளுக்கோனேட். அப்பா சிரித்துவிட்டார். "ஜிப்சம்னு சொல்லு."

நான் உடனே திருத்தப் போனேன். மண்ணில் நடப்பது வேரும் காயும் உறிஞ்சும் போட்டி. இதயத்தில் கால்சியம் செய்வது வேறு, பொட்டாசியத்தை அது குறைக்காது, செல் சுவரைக் கொஞ்ச நேரம் நிதானப்படுத்தி இதயத்தைத் தாக்குப்பிடிக்க வைக்கும். ரத்தத்தில் இருந்த பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளியது பிறகு குளுக்கோஸோடு ஏற்றிய இன்சுலின். இரண்டும் ஒன்றல்ல. இதையெல்லாம் சொன்னேன். ஆனால் ஒன்று: பொட்டாசியம் மிஞ்சினால் கால்சியத்தைத் தேடு என்பதை அந்த வார்டில் டாக்டர்களைத் தவிர முன்பே அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அந்த அறிவு அவருக்குப் பயன்படாமல் போனதற்குக் காரணம் ஒரு பெயர் மாற்றம் மட்டும்.

இதற்குத் தனித்தமிழில் புதிதாக ஒரு சொல் ஆக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனிமங்களுக்குப் பெயர் ஆக்கும் முயற்சிகள் ஏற்கனவே நிறைய உண்டு. நான்காவதாக ஒரு பெயர் வந்தால் குழப்பம் நான்காகும். நான் கேட்பது ஒரு சமக்குறி. வேதியியல் புத்தகத்தில் பொட்டாசியம் குளோரைடு வரும் இடத்தில் 'பொட்டாஷ் உரம்' என்று பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவமனைப் பட்டியலில் தலைப்புக்குக் கீழே 'பொட்டாஷ், சாம்பல்சத்து' என்று எழுதுங்கள்; தவிர்க்க வேண்டியவற்றில் வாழைப்பழத்துக்கு மேலே மாற்று உப்பைப் போடுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் அந்தப் பட்டியலை வாங்கிச் செல்பவர்களில் பலர் கரும்போ நெல்லோ மல்லாட்டையோ போடுகிறவர்கள். 2022இல் ஒரு மூட்டை 1,700 ரூபாய் ஆனபோது அந்தப் பெயரை வயிற்றெரிச்சலோடு தினமும் உச்சரித்தவர்கள். அவர்களுக்குப் பொட்டாஷ் என்றால் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த டப்பாவைத் தூக்கிப் போடப் போனேன். அம்மா விடவில்லை, எண்ணூறு கிராம் மிச்சம் இருந்தது, காசு போட்டு வாங்கியது. மார்க்கரை எடுத்து டப்பா மேல் பெரிதாகப் 'பொட்டாஷ்' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா படித்துவிட்டு அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில், சிவப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.